ஆறாவது வீட்டின் மேற்குச் சுவர்

பன்னிரண்டாம் நாளும் சுவர் குடித்தது.

றாஹிலா வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட இல்லை. புதுப் பூச்சுக்குக் காலையிலும் பகலிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும்; முதல் இரண்டு மூன்று நாள் அது உஸ்ஸென்று இரைந்து உறிஞ்சும், சுட்ட மண்ணில் மழை விழுந்தது போல ஒரு மணம் எழும்பி அறை முழுக்க நிற்கும்; பிறகு மெல்ல மெல்லத் தாகம் அடங்கி, ஒரு வாரத்துக்குள் ஊற்றிய தண்ணீரெல்லாம் அப்படியே வழிந்து வந்து கால்விரல்களை நனைக்கும். அப்போது பூச்சு இறுகிவிட்டது என்று விட்டுவிடலாம். இது அவள் நனைத்த ஆறாவது வீடு. ஆறு வீட்டுச் சுவர்களின் தாகமும் அவளுக்குப் பாடம். மற்ற அறைகள் எல்லாம் நாலு நாளைக்கு முன்னமே போதும் என்றுவிட்டன. உள்ளறையின் மேற்குச் சுவர் மட்டும் இன்னும் கேட்டது.

இன்னொரு வாளி கொண்டுவந்தாள். கோப்பையால் அள்ளி வீசினாள். தண்ணீர் சுவரில் பட்டது. அவ்வளவுதான். பட்ட இடம் கறுத்து, பிறகு மெதுவாகச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது.

மருதமுனையில் பகல் என்பதே தறிச்சத்தம்தான். வேலிக்கு அப்பால் இரண்டு வளவில், அதற்கும் அப்பால் நாலைந்து வளவில், விடிந்தது முதல் டக் டக்கென்று மரம் மரத்தை அடித்துக்கொண்டிருக்கும். காது அதை மறந்துவிடும். நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்கும்போது ஒவ்வொரு தறியாக நிற்கும். கடைசித் தறியும் நின்ற பிறகு, ஊரின் நெஞ்சுத் துடிப்பே நின்றது போல ஒரு வெறுமை வரும். அந்த வெறுமையில்தான் அவள் அதைக் கேட்டாள். இரைச்சல் இல்லை, உறிஞ்சல் இல்லை. நோன்பு திறக்கிறவரின் முதல் மிடறு போல, தொண்டை ஏறி இறங்கும் ஒரு சத்தம். ஒரு தரம். பிறகு இன்னொரு தரம்.

கிப்லாப் பக்கம் என்பதால் அவள் தொழுவது அந்தச் சுவரை நோக்கித்தான். அன்றைக்குத் தொழுகைப் பாயைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள்.

*

ஆள் புழங்காத புது வீட்டை எந்த வாப்பாவும் மகளுக்கு வாங்க மாட்டார். வெறும் வீட்டில் கண்டது கடியது குடியேறிவிடும் என்பது ஊரின் பயம். ஊரின் பயத்தைத் தன் தொழிலுக்கு வசதியாக மாற்றத் தெரிந்தவர் அவளைக் கட்டிய மாப்பிள்ளை ஜவுபர். சூறாவளி கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போன அடுத்த வருஷம், மற்றவர்கள் நிவாரணக் கூடாரத்துக்கு வரிசையில் நின்றபோது, இனிக் கலியாண வயதுக் குமருகளுக்கெல்லாம் வீடு வேண்டும் என்று கணக்குப் போட்டவர் அவர். அரசாங்கக் கட்டடங்களைக் கட்டிக்கொடுக்கும் கொந்தறாத்தை விட்டார். தானே வளவு வாங்கி, தானே கட்டி, முடிந்த வீடாக விற்கத் தொடங்கினார். பூச்சு முடிந்த அன்றே றாஹிலாவைக் கொண்டுபோய் விட்டுவிடுவார். அவள் சுவரை நனைக்க வேண்டும், அடுப்பு மூட்டிப் பால் காய்ச்ச வேண்டும், நாற்பது நாள் யாசீன் ஓத வேண்டும். வாங்க வருகிறவர்கள் குசினியில் புகையையும் கொடியில் சீலையையும் கண்டு மனம் ஆறுவார்கள். வீடு கைமாறும். அவள் பாயைச் சுருட்டுவாள்.

"என்ட பொஞ்சாதி இருந்து பழக்கின ஊடு," என்பார் ஜவுபர் வாங்குகிறவர்களிடம், பழக்கிய மாட்டைப் பற்றிச் சொல்வது போல.

முதலில் விற்றது அவளுடைய வீட்டைத்தான். வாப்பா அவளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு. ஓடு பறந்து, சுவர் மட்டும் நின்றது. "ஒண்ட வித்தா ரெண்டு கட்டலாம், ரெண்டுல ஒண்டு ஒனக்கு," என்றார். உறுதி எழுதும் நொத்தாரிசின் அறையில் அவள் கையெழுத்து வைத்தாள். இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவான். சண்டை முற்றினால் பெட்டியோடு இறங்க வேண்டியவனும் அவன்தான். அவளுடைய உம்மாவும் மாமிமாரும் வாயைத் திறந்து கதைத்த துணிவெல்லாம் அந்த வாசற்படியின் துணிவு. றாஹிலாவுக்கு ஜவுபரை இறங்கச் சொல்ல ஒரு வாசற்படி இல்லை. அவர் விற்றது ஓட்டையும் கல்லையும் அல்ல என்று அவளுக்கு விளங்கியபோது மூன்று வீடு கடந்துவிட்டிருந்தது.

ஆனால் இந்த ஆறாவது வீடு பரீனாவுக்கு. அதில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. மகளுக்குப் பத்தொன்பது வயது. பாலமுனையிலிருந்து ஜெமீல் மாஸ்டரைப் பேசி முடித்திருந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கலியாணம். கதவு போட்டு முடியாத வீட்டில் குமரை வைத்திருக்க முடியாது என்று பரீனாவை எப்போதும் தங்கச்சி றாபியாவின் வீட்டில் விட்டுத்தான் றாஹிலா வீடு வீடாகத் திரிந்தாள். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும், நனைக்கும் ஒவ்வொரு கோப்பைத் தண்ணீருக்கும், அவள் மகளின் பெயரை மனதில் சொன்னாள்.

அந்தச் சுவரைத் தவிர.

*

மேசன் குணம் பெரியநீலாவணையிலிருந்து சைக்கிளில் வருகிறவர். ஆறு வீட்டையும் பூசியவர் அவர்தான்.

"குணமண்ணன், உள்ளறைச் சுவர் இன்னும் குடிக்கிது."

"குடிக்கட்டுமே தங்கச்சி. நான் குடிச்சாத்தான் எல்லாரும் ஏசுற. சுவரும் குடிக்கப்படாதா?"

சிரித்துக்கொண்டே வந்தவர் சுவரில் விரல் மடக்கித் தட்டினார். மேலே, நடுவில், கீழே. வெற்றிடமாக இருந்தால் பானையைத் தட்டியது போல ஒலிக்கும். இது அப்படி ஒலிக்கவில்லை. மனிதரின் முதுகில் தட்டியது போல மொத்தென்றது. சிரிப்பு நின்றது. உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். உடனே எடுத்துச் சாரனில் துடைத்தார்.

"சூடாக் கிடக்கு."

"வெயில் பட்டிருக்கும்."

"உள்சுவருக்கு எங்கால வெயில்?" கரண்டி விளிம்பில் காய்ந்திருந்த சாந்தை நகத்தால் சுரண்டினார். "ஒண்டு சொன்னா ஏசமாட்டீங்களே. மத்த ஊட்டுக்காரரும் என்னைக் கூப்பிட்டு, பூச்சைக் கொத்திப் புதுசாப் பூசச் சொன்னவங்க. ஊறல் அடிக்குது எண்டு. நானும் பூசினன். ஆறு மாசத்தில திரும்பவும் அதே இடத்தில."

"எந்த ஊடு?"

"எல்லா ஊடும்தான், தங்கச்சி."

"கடல்மண் கலந்திருப்பீங்க. இவர் செல்லி."

"கலந்ததுதான், இல்லையெண்டு சொல்லல்ல," என்றார் குணம். "ஆனா உப்பு ஊறினா வரைபடம் மாதிரிப் பரவும். இது அப்படியில்ல." கரண்டியைச் சாந்துச் சட்டியில் போட்டார். மிச்ச வேலையை முன்மண்டபத்தில் வைத்துக்கொண்டார். உள்ளறைப் பக்கம் திரும்பவில்லை.

*

மறுநாள் கலியாண விசயமாகச் சுபைறா வந்தாள். றாஹிலா நனைத்த இரண்டாவது வீட்டை வாங்கிய குடும்பத்துப் பெண். வெற்றிலையை மென்றபடி, மாப்பிள்ளை வீட்டாரின் குறைகளை எல்லாம் ஆசையோடு அடுக்கிவிட்டு, எழும்பும்போது சொன்னாள்: "ராத்தா, பகலையில நீங்க வாறது எங்களுக்கு ஒரு கரச்சலும் இல்ல. ஆனா வாறதெண்டா வாசக் கடப்பால வாங்களன். தேத்தண்ணியாவது ஊத்தித் தருவன்."

"நான் எங்க வந்த?"

"எங்கட ஊட்டுக்கு. தறி நிண்டாப் பொறகு." சுபைறாவின் முகத்தில் சிரிப்பும் பயமும் சரிபாதியாக இருந்தன. "வாளிச் சத்தம் கேக்கும். பொறகு தண்ணி வீசுற சத்தம். மொதல்ல பயந்துதான் போன. லெப்பையக் கூட்டி வந்து ஓதியும் பாத்த. பொறகு பழகிட்டு. நான் ஸலாம் செல்லுற. நீங்கதான் பதில் தாறல்ல."

"வெளையாடாத கா."

"பேந்து வந்து பாருங்க."

றாஹிலா அன்றைக்கே போனாள். தலையில் முக்காட்டை இழுத்து, கடற்கரைப் பக்கத்துக் குச்சொழுங்கையால், வெயிலில் காயப்போட்ட நூலின் கஞ்சி மணத்தினூடாக நடந்தாள். நாலு மாதம் தன் மூச்சை விட்டுப் பழக்கிய வீடு. வாசற்படி காலுக்குத் தெரிந்தது. உள்ளறையில் சுபைறா ஒரு சீலையைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தாள். அதை விலக்கினாள்.

ஊறல். வெள்ளைப் பூச்சில், ஈரம் காயாத சாம்பல் நிறத்தில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரம். தலை. முக்காட்டின் வளைவு. ஒரு பக்கம் சரிந்த இடுப்பு, வாளி தூக்கிப் பழகிய இடுப்பு. வீசுவதற்கு ஓங்கிய வலது கை. விரித்த விரல்கள். முதல் வீட்டில் கதவுப் பலகை விழுந்து முறிந்து, சரியாகப் பொருந்தாமல் வெளிப்பக்கம் வளைந்துபோன அவளுடைய சின்னவிரல். சுவரிலும் அது வளைந்திருந்தது.

"அளந்து பாக்கிறீங்களா?" என்றாள் சுபைறா மெதுவாக.

அவள் அளக்கவில்லை. அளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே தறிகள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கியிருந்தன.

கடைசித் தறி நிற்பதற்குள் அவள் ஓடிவந்துவிட்டாள்.

*

நடக்கும் வழியெல்லாம் யோசித்தாள். சட்டை ஏன் தோளில் நிற்பதில்லை. கூப்பிட்டால் ஜவுபர் ஏன் மூன்றாம் தரம்தான் திரும்புகிறார். போன வெள்ளிக்கிழமை அவர் சோறு கேட்டபோது அவள் கறிச்சட்டியோடு அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், "றாஹிலா எங்க?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார். அதையெல்லாம் அவள் வேறு கணக்கில் போட்டிருந்தாள். வீடில்லாத பெண்ணை மாப்பிள்ளை கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை, அது உலகத்து நடப்பு என்று. நாற்பது வயதில் எந்தப் பெண்தான் முழுசாக இருக்கிறாள் என்று. இப்போது அந்தக் கணக்குக் கலைந்தது. வெறும் வீட்டில் ஏதாவது குடியேறிவிடும் என்பதற்காக ஒவ்வொரு வீட்டிலும் அவளைக் குடியேற்றினார்கள். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டாள். ஆனால் முழுதாகப் புறப்பட்டாளா?

ஐந்து வீடு. ஐந்து சுவர்.

மிச்சம் எவ்வளவு?

அன்று பின்நேரம் ஜவுபர் வந்தபோது அவர் முன்னால் போய் நின்று, சத்தமாகச் சொன்னாள். "இஞ்சருங்க, அந்தச் சுவர இடிக்கோணும்."

அவர் திடுக்கிட்டு, எங்கிருந்து குரல் என்பது போலப் பார்த்து, பிறகு அவளைக் கண்டார். "என்ன பேய்க்கதை கதைக்காய்? பூச்சு முடிஞ்ச சுவர இடிக்கவா?"

"பரீனா இந்த அறையில படுக்கிறல்ல. அவள் இந்தச் சுவருக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துறல்ல. செல்லிட்டன்."

"அவள் ஏன் படுக்கப் போறாள்?" ஜவுபர் சாரனை உதறிக்கட்டினார். அந்த உதறலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. "சவூதியிலிருந்து வந்த ஒருத்தர் பாத்துட்டுப் போயிரிக்கார். ஊடு நல்லாப் பிடிச்சிட்டு. பரீனாக்கு அடுத்த ஊடு. இதவிடப் பெரிசு. வளவும் பாத்துட்டன்."

"எனக்கும் அடுத்த ஊடு எண்டுதான் செல்லின நீங்க."

"ஒனக்கென்ன கொற? ஊருல ஆறு ஊட்டுல இருந்த பொம்புள நீ ஒருத்திதான்."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "நான் இனி ஊத்த மாட்டன்," என்றாள். "காய்ஞ்சு வெடிக்கட்டும். வெடிச்ச சுவர வாங்க ஒருத்தனும் வரமாட்டான். அப்ப இது என்ட புள்ளைக்கு. வெடிச்ச இடத்த நான் இடிச்சுக் கட்டுவன்."

அவர் அதைக் கேட்டாரா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தபடி வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

*

இரண்டு நாள் அவள் ஊற்றவில்லை. உள்ளறைக்குக் கதவு இன்னும் போடவில்லை. ஒரு பழைய சீலையைக் கட்டி மறைத்தாள். வாளியைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பகல், தறி நின்ற பிறகு, சீலை உள்பக்கமாக உறிஞ்சப்பட்டு, திரும்ப வந்தது. வெளியே காற்றில்லை. முருங்கையில் ஓர் இலை அசையவில்லை. உள்ளேயிருந்து ஈரச் சுண்ணாம்பு மணமும், அதற்கு அடியில் அவளுடைய தலையெண்ணெய் மணமும் வந்தன.

அவளுக்குத் தாகம் எடுத்தது. ஒரு கோப்பை குடித்தாள். இரண்டு. மூன்று. தொண்டையில் இறங்கியது, வயிற்றில் சேரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் குணம் வந்து முன்மண்டபத் தரைக்குச் சீமெந்து பூசினார். வாசலிலிருந்து உள்ளறை நிலைவரை கரண்டியால் இழுத்து இழுத்து, கண்ணாடிபோல ஆக்கினார். "பலகை போட்டிருக்கு தங்கச்சி, பலகையால போங்க. மத்தியானம் தாண்டத்தான் இறுகும்," என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, சோற்றுக்குச் சைக்கிளை எடுத்தார். அவள் வாசலுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவர் அவளைக் கடந்து போனார்.

அவள் குசினிக்குப் போய் உலை வைத்தாள். அரிசி களைந்தாள். பாங்கு சொன்னது. தறிகள் நின்றன. ஒன்று. இன்னொன்று. கிழக்கே தூரத்தில் ஒன்று.

அமைதி.

பிறகு, உள்ளறையில், தண்ணீர் வீசும் சத்தம்.

அவள் அசையவில்லை. அது நான்தான், என்று நினைத்தாள். சுபைறா வீட்டில் போல. நான் இங்கே அரிசி களைகிறேன். அங்கே நான் தண்ணீர் வீசுகிறேன். பயமில்லை. அது ஒன்றும் செய்வதில்லை. தண்ணீர் ஊற்றும். அவ்வளவுதான்.

இரண்டாம் தரம் வீசிய சத்தம் வந்தது. அதனோடு கண்ணாடிக் காப்பு குலுங்கும் சத்தம்.

அவள் காப்பு போடுவதில்லை.

ஓடினாள். குசினிப் படி. நடை. முன்மண்டபம். வாசலில் ஒரு சோடி செருப்பு. போன பெருநாளைக்கு மகளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த சிவப்புச் செருப்பு. வாசலிலிருந்து உள்ளறைக்கு, ஈரச் சீமெந்தில், பலகையைக் கண்டே இராதது போல, நேராகப் போன காலடிகள். ஐந்து விரல், குதிகால், எல்லாம் அச்செடுத்தது போல. முதலாவது ஆழம். அடுத்தது கொஞ்சம் குறைவு. அதற்கடுத்தது இன்னும் குறைவு. உள்ளறை நிலைக்குப் பக்கத்தில் கடைசி அடி, பூனை மிதித்தது போல லேசாக.

அந்தச் சீமெந்தின் மேலேயே அவளும் ஓடினாள். சீலையை விலக்கினாள்.

பரீனா சுவரைப் பார்த்து நின்றாள். கையில் கோப்பை. காலடியில் வாளி. முதுகில் ஒற்றைப் பின்னல்.

"மகள்!"

திரும்பவில்லை.

"பரீனா! வெளிய வா புள்ள! ஆரு ஒன்ன வரச்சொன்ன?"

கோப்பை வாளியில் அமிழ்ந்தது. நிறைந்தது. எழும்பியது. வீசியது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. விழுங்கும் சத்தம். ஒரு தரம். இன்னொரு தரம்.

றாஹிலா அவளுடைய தோளைப் பிடித்தாள். பிடித்தாள் என்று நினைத்தாள். வெயில் பட்ட துணியின் சூடு மட்டும் உள்ளங்கைக்குத் தெரிந்தது. தோள் தெரியவில்லை. பரீனா அந்த இடத்தை, ஈ உட்கார்ந்தது போல, ஒரு தரம் சிலிர்த்தாள். பிறகு முகம் மலர்ந்து சுவரோடு கதைத்தாள்.

"உம்மா, ஏன் இப்பிடி மெலிஞ்சி போயிரிக்கீங்க? நீங்க போய்ப் படுங்க. வாப்பா செல்லிட்டார், இந்த ஊடு எனக்குத்தானாம். இனி நான் ஊத்துறன்."

சுவரில் ஊறல் முழுசாக எழும்பியிருந்தது. தலை. முக்காடு. சரிந்த இடுப்பு. வளைந்த சின்னவிரல். மற்ற வீடுகளில் போல அது சாம்பல் நிறமாக இல்லை. உருவத்துக்கு முகம் இருந்தது, கண்ணுக்கு ஈரம் இருந்தது. அது மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

றாஹிலா திரும்பிப் பார்த்தாள். திறந்த நிலைக்கு அப்பால் முன்மண்டபத்துச் சீமெந்து வெயிலில் மின்னியது. உள்ளே வந்த காலடிகள் ஒரு வரிசைதான் இருந்தன, மகளுடையவை.

பரீனா மறுபடியும் கோப்பையை அமிழ்த்தினாள். காப்பு குலுங்கியது. தண்ணீர் பறந்தது. சுவரில், தாயின் உருவத்துக்கு இடப்பக்கம், தரையை ஒட்டி, இரண்டு சின்னப் பாதங்கள் ஈரமாகத் தோன்றின. பிறகு கணுக்கால்கள். பிறகு, மிக மெதுவாக, மேல்நோக்கி.